விருப்ப வரிசை வாக்குகளை எண்ணுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் சில குடியிருப்போர் நலச்சங்கங்களுக்கும் ஒரு வாசகர் வட்டத்துக்கும் விருப்ப வரிசைத் தேர்தல்களை எண்ணிக் கொடுத்து வருகிறேன். ஒவ்வொரு முறையும் எண்ணும் மேசையைச் சுற்றி நிற்பவர்கள் ஏறக்குறைய அதே ஐயங்களையே எழுப்புகிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் விடைகள் முன்னால் போட்ட கணக்குகளைத் திரும்பத் தொடும் என்பதால், வரிசையாகப் படிப்பது நல்லது.

விருப்ப வரிசை என்றால் ஒரே ஆளுக்கு மூன்று ஓட்டா?

இல்லை. ஒருவருக்கு ஒரே ஓட்டுதான். அந்த ஓட்டு யாரிடம் போக வேண்டும், அவரால் அதைப் பயன்படுத்த முடியாவிட்டால் அடுத்து யாரிடம் போக வேண்டும் என்று வாக்காளர் முன்கூட்டியே எழுதித் தருகிறார், அவ்வளவே. 1 என்று எழுதியது முதல் விருப்பம், 2 என்பது இரண்டாம் விருப்பம். இவை மதிப்பெண்கள் அல்ல. இரண்டாம் விருப்பத்துக்குப் பாதி மதிப்பு என்றோ, மூன்றாவதற்குக் கால் மதிப்பு என்றோ இந்த முறையில் கிடையாது.

ஒரே ஒரு பதவிக்கு எப்படி எண்ணுவீர்கள்?

நூறு பேர் வாக்களித்ததாகக் கொள்வோம். முதல் விருப்பமாக அமுதாவுக்கு 40, பாரிக்கு 35, செல்விக்கு 25 வாக்குகள் கிடைக்கின்றன. பாதிக்கு மேல் யாரும் பெறவில்லை. எனவே கடைசியில் நிற்கும் செல்வி நீக்கப்பட்டு, அவருடைய 25 சீட்டுகளும் அவற்றில் எழுதியுள்ள அடுத்த விருப்பத்தின்படி பிரிக்கப்படும். அவற்றில் 20 சீட்டுகள் பாரிக்கும் 5 சீட்டுகள் அமுதாவுக்கும் போனால், பாரி 55, அமுதா 45. பாரி வெற்றி பெறுகிறார்.

நீக்குவது ஒவ்வொருவராகவா, மொத்தமாகவா என்பது விதியைப் பொறுத்தது. இந்தியாவில் குடியரசுத் தலைவர் தேர்தலில் கடைசியில் நிற்பவரை ஒவ்வொருவராக நீக்குகிறார்கள். இலங்கையில் முதல் இருவரைத் தவிர மற்ற எல்லாரையும் ஒரே வீச்சில் நீக்குகிறார்கள்; வாக்காளர் மூன்று விருப்பங்கள் வரை குறிக்கலாம். அங்கே 2024 செப்டம்பரில் அநுர குமார திசாநாயக்க 42.31 விழுக்காடு மட்டுமே பெற்றதால், அந்நாட்டு வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் சுற்று எண்ணிக்கை நடந்தது.

இது வெளிநாட்டு முறைதானே, நம் ஊரில் யார் பின்பற்றுகிறார்கள்?

நம் அரசியலமைப்பிலேயே இருக்கிறது. குடியரசுத் தலைவர், குடியரசுத் துணைத் தலைவர், நியமன உறுப்பினர்கள் நீங்கலான மாநிலங்களவை உறுப்பினர்கள் ஆகிய அனைவரும், ஒற்றை மாற்று வாக்கு முறை எனப்படும் இந்த விருப்ப வரிசை முறையில்தான் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். நம் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே உதாரணம் உண்டு: தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலின் உறுப்பினர்களை வழக்கறிஞர்கள் தேர்ந்தெடுப்பதும், 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி, இதே முறையில்தான்.

இரண்டாம் விருப்பம் வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்களுக்கு நான் 1969ஐ நினைவூட்டுவது வழக்கம். எம்பி, எம்எல்ஏக்களின் வாக்குகளுக்குத் தனித்தனி மதிப்பு உள்ள அந்தக் குடியரசுத் தலைவர் தேர்தலில் செல்லத்தக்க வாக்குகளின் மொத்த மதிப்பு 8,36,337. வெற்றிக்கு 4,18,169 தேவை. முதல் விருப்பத்தில் வி.வி. கிரிக்கு 4,01,515, சஞ்சீவ ரெட்டிக்கு 3,13,548. இருவரும் எல்லையைத் தொடவில்லை. மற்ற வேட்பாளர்களின் சீட்டுகள் பிரிக்கப்பட்ட பிறகு கிரி 4,20,077 பெற்று வென்றார். ரெட்டி 4,05,427இல் நின்றார். இரண்டு இறுதித் தொகைகளையும் கூட்டினால் மொத்தம் வராது. எஞ்சியவை, அடுத்த விருப்பம் எழுதப்படாததால் வழியில் தீர்ந்துபோன வாக்குகள்.

இரண்டாம் விருப்பம் எழுதினால் என் முதல் வேட்பாளருக்குப் பாதகம் ஆகாதா? ஒருவருக்கு மட்டும் போட்டுவிட்டால் என்ன?

மேலே சொன்ன முறையில் பாதகம் இல்லை. உங்கள் முதல் வேட்பாளர் களத்தில் இருக்கும்வரை உங்கள் இரண்டாம் விருப்பத்தை யாரும் பார்ப்பதே இல்லை. ஒருவருக்கு மட்டும் போட்டால் சீட்டு செல்லும்; ஆனால் அவர் நீக்கப்பட்டதும் உங்கள் குரல் அத்தோடு நின்றுவிடும். விருப்பங்களுக்கு மதிப்பெண் கொடுத்துக் கூட்டும் வேறு முறைகளில் இந்த அச்சம் நியாயமானது. ஆகவே வாக்களிக்கும் முன் எந்த முறை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூன்று பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால்? கோட்டா என்கிறார்களே, அது என்ன?

பலரைத் தேர்ந்தெடுக்கும்போது ஒருவர் வெல்லத் தேவையான குறைந்தபட்ச வாக்குகளே கோட்டா. மொத்த வாக்குகளை, இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி வரும் எண்ணால் வகுத்து, வருவதோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். 60 பேர் வாக்களித்து 3 இடங்கள் இருந்தால், 60ஐ 4ஆல் வகுக்க 15, ஒன்றைக் கூட்ட 16. நான்கு பேர் 16 வாக்குகள் பெற வேண்டுமானால் 64 வாக்காளர்கள் வேண்டும் என்பதால், மூன்று பேருக்கு மேல் இந்த எல்லையைத் தாண்டவே முடியாது. இந்தக் கணக்கை 19ஆம் நூற்றாண்டில் முன்வைத்த ஹென்றி ட்ரூப் என்ற ஆங்கில வழக்கறிஞரின் பெயரால் இது அழைக்கப்படுகிறது.

மாநிலங்களவைத் தேர்தலில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள் இருக்கும்போது ஒவ்வொரு சீட்டுக்கும் 100 என்று மதிப்பு வைக்கிறார்கள். தமிழ்நாட்டில் 234 சட்டமன்ற உறுப்பினர்கள் 6 இடங்களுக்கு வாக்களித்தால் மொத்த மதிப்பு 23,400. 7ஆல் வகுத்து மீதியை விட்டு ஒன்றைக் கூட்டினால் 3,343. முழுச் சீட்டுகளாக 34 தேவை. "ஓர் இடத்துக்கு 34 எம்எல்ஏக்கள்" என்று செய்தித்தாள்கள் எழுதுவது இந்தக் கணக்கைத்தான்.

கோட்டாவைத் தாண்டிய உபரி வாக்குகள் என்ன ஆகும்? எந்தச் சீட்டை எடுத்து அடுத்தவருக்குக் கொடுப்பீர்கள்?

இதுவரை என்னிடம் வந்த கேள்விகளில் மிக முக்கியமானது இதுதான். எல்லாச் சர்ச்சைகளும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. அதே 60 பேர், 3 இடங்கள். கயல்விழிக்கு 24 முதல் விருப்பங்கள், கோட்டா 16, உபரி 8. அந்த 24 சீட்டுகளில் 15இல் அடுத்த விருப்பம் மதி, 9இல் நிலவன். அயர்லாந்தின் நாடாளுமன்றக் கீழவைத் தேர்தலில், விகிதப்படி மதிக்கு 5 சீட்டுகளும் நிலவனுக்கு 3 சீட்டுகளும் முழுதாக எடுத்துக் கொடுக்கப்படும். எண்ணிக்கை சரிதான். ஆனால் மதியின் 15இல் எந்த 5 என்பது தற்செயல். பிறகு மதியின் சீட்டுகளையும் பிரிக்க நேர்ந்தால், அந்த ஐந்தில் எழுதியுள்ள மூன்றாம் விருப்பங்களே பேசும். விட்டுவைத்த பத்து பேசாது.

இதைத் தவிர்க்க 1880இல் மெல்போர்னைச் சேர்ந்த கிரெகரி ஒரு வழி சொன்னார்: சீட்டுகளைப் பொறுக்க வேண்டாம், 24 சீட்டுகளையும் மூன்றில் ஒரு பங்கு மதிப்போடு அனுப்புங்கள். மதிக்கு 5, நிலவனுக்கு 3 என்றே வரும். ஆனால் யாருடைய சீட்டும் ஒதுக்கப்படவில்லை. இந்திய விதியும் இந்த வழியைச் சேர்ந்ததே. மொத்த மதிப்பு 6,000, கோட்டா 1,501, கயல்விழியின் உபரி 899. அதை 24ஆல் வகுத்து, பின்னத்தை விட்டால் சீட்டுக்கு 37. மதிக்கு 555, நிலவனுக்கு 333. மீதி 11 பின்னத்தில் கரைந்துவிடும். 24இல் நான்கு சீட்டுகளில் அடுத்த விருப்பமே இல்லையென்றால், 899ஐ 20ஆல் வகுத்து, சீட்டுக்கு 44 என்று அனுப்புவார்கள். பிற்சுற்றில் வந்த வாக்குகளால் உபரி உண்டானால், கடைசியாக வந்த சீட்டுக் கட்டை மட்டும் பிரித்துப் பார்ப்பார்கள். கையால் எண்ணுகிறவர்களின் வசதிக்காக வைத்த விதி இது.

பிரையன் மீக் 1969இல் முன்வைத்த முறை இன்னும் ஒருபடி மேலே போகிறது. ஏற்கெனவே வென்றவருக்கும் பிற்சுற்றுகளில் வாக்குகள் போய்ச் சேரும். சீட்டுகள் தீரத் தீரக் கோட்டாவே திரும்பக் கணக்கிடப்படும். எண்கள் அசையாமல் நிற்கும்வரை கணக்கு சுழன்றுகொண்டே இருக்கும். கணினியில்லாமல் இது நடக்காது. இதற்கான நிரல் 1987இல் ஒரு கணினி ஆய்விதழில் முழுதாக அச்சிடப்பட்டது. நியூசிலாந்தின் சில உள்ளாட்சித் தேர்தல்களில் 2004 முதல் இம்முறை பயன்படுகிறது. நியாயம் என்ற அளவில் எனக்குப் பிடித்தது மீக் முறை. ஆனால் ஐம்பது பேர் உள்ள சங்கத்துக்கு நான் கிரெகரி முறையையே பரிந்துரைக்கிறேன், ஏனென்றால் தோற்றவர் தம் வீட்டில் உட்கார்ந்து காகிதத்தில் சரிபார்க்க முடியும்.

அப்படியானால் விதி மாறினால் வெற்றியாளரும் மாறுவாரா?

மாறுவார். முதலில் சொன்ன நூறு பேர் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அமுதாவின் 40 பேரும் பாரியின் 35 பேரும் இரண்டாம் விருப்பமாகச் செல்வியை எழுதியிருந்ததாகக் கொள்வோம். முதல் விருப்பத்தை மட்டும் பார்த்தால் அமுதா வெல்கிறார். ஒவ்வொருவராக நீக்கினால் பாரி வெல்கிறார். இருவர் இருவராக மோதவிட்டால் செல்வி அமுதாவை 60க்கு 40 என்றும், பாரியை 65க்கு 35 என்றும் வீழ்த்துகிறார். ஒரே நூறு சீட்டுகளுக்கு மூன்று விதிகள் மூன்று வெற்றியாளர்களைத் தருகின்றன. மூன்றாவது விதி கொண்டோர்செ என்ற பிரெஞ்சு அறிஞரின் பெயரால் வழங்குகிறது. டெபியன் என்ற கட்டற்ற மென்பொருள் குழு தன் தலைவரை அந்த வழியில்தான் தேர்ந்தெடுக்கிறது.

எந்த மென்பொருள் என்று என்னிடம் கேட்பவர்களிடம் எந்த விதி என்று நான் முதலில் திருப்பிக் கேட்பது இதனால்தான். சீட்டுகளைப் பிரித்த பிறகு விதியைத் தேர்ந்தெடுப்பது, வெற்றியாளரைத் தேர்ந்தெடுப்பதற்குச் சமம். ஒரு குடியிருப்பில் எண்ணிக்கை நாளன்று காலையில்தான் "நீக்கும் முறையா, மதிப்பெண் முறையா" என்ற பேச்சு தொடங்கியது. பெட்டியைத் திறக்க நான் மறுத்துவிட்டேன். பொதுக்குழு கூடி விதியை எழுதி ஒப்புக்கொண்ட மறு ஞாயிற்றுக்கிழமைதான் எண்ணினோம்.

ஒருவர் 1 போட்டு, 2ஐ விட்டுவிட்டு, 3 போட்டிருக்கிறார். சீட்டு செல்லுமா?

இந்திய விதிகளின்படி முதல் விருப்பம் செல்லும். வரிசை அறுந்த இடத்தில் சீட்டு தீர்ந்ததாகக் கொள்ளப்படும். 1 என்ற எண்ணே இல்லாவிட்டாலோ, இருவருக்கு 1 என்று போட்டிருந்தாலோ, வாக்காளரை அடையாளம் காட்டும் குறி இருந்தாலோ சீட்டு செல்லாது. எண்ணைச் சொல்லால் எழுதக்கூடாது. ஆனால் இந்திய மொழி எண்ணுருக்களில் எழுதலாம் என்பதால், தமிழ் எண்ணில் ௧, ௨ என்று குறித்தாலும் செல்லும்.

வேறு ஊர்களில் விடுபட்ட எண்ணைத் தாண்டி அடுத்ததை எடுத்துக்கொள்வார்கள். இந்தச் சிறிய வேறுபாடு எவ்வளவு பெரிதாகும் என்பதை 2022 நவம்பரில் அமெரிக்காவின் ஓக்லாந்து நகரம் கண்டது. முதல் விருப்பக் கட்டம் காலியாக இருந்த சீட்டுகளில் அடுத்த விருப்பத்தை முதல் சுற்றுக்கே உயர்த்த வேண்டும் என்பது அங்குள்ள விதி. மென்பொருளில் அந்த அமைப்பு தவறாக வைக்கப்பட்டிருந்தது. பள்ளிக் குழு இடமொன்றுக்குத் தவறானவர் வென்றதாகச் சான்றளிக்கப்பட்டு, டிசம்பர் இறுதியில்தான் பிழை வெளியே வந்தது. மென்பொருள் சொன்னபடி கேட்டது, சொன்னதுதான் தவறு.

எக்செல்லிலேயே போட்டுவிடலாமே சார், தனி மென்பொருள் எதற்கு?

ஒரே பதவி, நான்கு வேட்பாளர், ஐம்பது சீட்டு என்றால் எக்செல்கூட வேண்டாம்; மேசையில் கட்டுகளாக அடுக்கிக் கையாலேயே எண்ணுங்கள். பல இடங்கள் என்று வந்தால்தான் உபரிப் பங்கீட்டில் எக்செல் தடுமாறும். ஒவ்வொரு சுற்றிலும் சூத்திரத்தை மனிதர் திருத்துவதால், எந்தச் சுற்றில் என்ன மாற்றினோம் என்ற தடம் மறைந்துவிடும்.

உண்மையில் கணக்கைவிடத் தரவுப் பதிவில்தான் அதிகப் பிழைகள் நேர்கின்றன. எங்கள் முதல் எண்ணிக்கையில் ஒரு சீட்டிலிருந்த 7ஐ 1 என்று பதிந்திருந்தோம். அதன்பிறகு ஒரு வழக்கத்தை விடாமல் பின்பற்றுகிறேன்: சீட்டுகளை நன்றாகக் கலந்து, அதன் பிறகு தொடர் எண் இட்டு, இரண்டு குழுக்கள் ஒன்றையொன்று பார்க்காமல் பதிந்து, இரண்டு கோப்புகளையும் ஒப்பிட வேண்டும். வேறுபடும் எண்ணுள்ள சீட்டை மட்டும் எடுத்து எல்லார் முன்னிலும் படிக்க வேண்டும். கலப்பதற்கு முன் எண்ணிட்டால், யார் எப்போது வாக்களித்தார் என்ற வரிசை தெரிந்துவிடும்.

சரி, எந்த மென்பொருள் நல்லது?

அமெரிக்க நகரங்களின் விதிகளுக்காக உருவான ஆர்சிடேப் இலவசம், மூல நிரலும் திறந்தது. விடுபட்ட எண், இரட்டை எண் ஆகியவற்றை எப்படிக் கையாள வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும். இணையவழியாக வாக்குப் பெற்று எண்ணவும் செய்யும் ஓபாவோட், முன்பிருந்த ஓப்பன்எஸ்டிவி என்ற நிரலின் வழிவந்தது. அதில் பல முறைகள் உள்ளன. எதை எடுத்தாலும் உங்கள் விதி அதில் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். குறிப்பாக, பின்னத்தை விடும் இந்திய வழக்கும், கடைசிக் கட்டை மட்டும் பார்க்கும் வழக்கும் எல்லா மென்பொருளிலும் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள்.

வாக்குகளைப் பிஎல்டி என்ற எளிய உரைக்கோப்பாக வைத்துக்கொள்வது நல்லது. பல நிரல்கள் அதைப் படிக்கும். முதல் வரியில் வேட்பாளர் எண்ணிக்கையும் இடங்களின் எண்ணிக்கையும் இருக்கும். பிறகு "1 2 4 1 0" என்று ஒரு வரி இருந்தால், இரண்டாம் வேட்பாளருக்கு முதல் விருப்பம், நான்காமவருக்கு இரண்டாவது, முதலாமவருக்கு மூன்றாவது என்று பொருள். முன்னுள்ள 1 அத்தகைய சீட்டு ஒன்று என்பதையும், கடைசி 0 வரி முடிந்தது என்பதையும் குறிக்கும்.

கணினி சொன்ன முடிவை எப்படி நம்புவது?

நம்ப வேண்டாம், சரிபாருங்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2012 உள்ளாட்சித் தேர்தலை எண்ணிய மென்பொருளில் பிழை இருந்ததையும், கிரிஃபித் நகரில் அது ஒரு வேட்பாளரின் வெற்றி வாய்ப்பைக் குறைத்திருந்ததையும் ஆய்வாளர்கள் பின்னாளில் கண்டுபிடித்தார்கள். வெளியிடப்பட்ட வாக்குத் தரவைத் தாங்களே எழுதிய நிரலில் ஓட்டிப் பார்த்ததால்தான் அது தெரிந்தது. கான்பெராவில் 2001 முதல் பயன்பட்ட முறையின் மூல நிரல் பொதுவில் வைக்கப்பட்டதால், பல்கலைக்கழகத்தினர் அதைப் படித்துப் பிழைகளைச் சுட்ட முடிந்தது. மாறாக, அயர்லாந்து 5 கோடி யூரோவுக்கு மேல் செலவிட்டு வாங்கிய வாக்கு இயந்திரங்களை, 2002இல் சில தொகுதிகளில் வெள்ளோட்டம் பார்த்ததோடு நிறுத்தி, 2009இல் முற்றாகக் கைவிட்டது.

நிரல் சரியாக இருந்தும் மனிதர் தவறலாம். 2021இல் நியூயார்க் மேயர் பதவிக்கான கட்சி உள்தேர்தலில், சோதனைக்காக ஏற்றிய ஏறக்குறைய 1,35,000 வாக்குகளை நீக்க மறந்து இடைக்கால முடிவை வெளியிட்டுவிட்டார்கள். பதிவேட்டில் உள்ள வாக்காளர் எண்ணிக்கையும் கோப்பில் உள்ள சீட்டுகளின் எண்ணிக்கையும் ஒன்றுதானா என்று பார்ப்பதே முதல் சோதனை.

நம் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்திலேயே செய்ய முடியாதா?

முடியாது. அது ஒருவருக்கு ஒரு பொத்தான் என்று அழுத்தி, கூட்டித் தருவதற்காக உருவானது, வரிசையைப் பதியாது. குடியரசுத் தலைவர் தேர்தல் இன்றும் காகிதச் சீட்டில் நடப்பது இதனால்தான்.

நீக்க வேண்டிய இடத்தில் இருவர் சமமாக நின்றால்?

இந்திய விதியில் முதல் விருப்ப வாக்குகள் யாருக்குக் குறைவோ அவர் நீக்கப்படுவார். அதுவும் சமமென்றால் முந்தைய சுற்றுகளைப் பார்ப்பார்கள். எல்லாமே சமமென்றால் குலுக்கல். கணினியில் குலுக்கல் என்றால் நிரல் தானாக ஓர் எண்ணை எடுக்கும், அதை யாரும் பார்க்க முடியாது. எண்ணிக்கை தொடங்கும் முன்பே எல்லார் முன்னிலும் வேட்பாளர் பெயர்களைக் குலுக்கி எடுத்து, அந்த வரிசையை எழுதி ஒட்டி, அதையே நிரலில் கொடுங்கள்.

ஒருவருக்கு ஆதரவு கூடியதால் அவர் தோற்பார் என்கிறார்களே, உண்மையா?

அரிது, ஆனால் உண்மை. அமுதா, பாரி, செல்வி என்ற வரிசையில் 39 பேர். பாரி, செல்வி, அமுதா என்று 35 பேர். செல்வி, அமுதா, பாரி என்று 26 பேர். செல்வி நீங்க, அமுதா 65 பெற்று வெல்கிறார். இப்போது பாரியின் ஆதரவாளர் 10 பேர் மனம் மாறி அமுதாவை முதலில் வைத்தால் அமுதா 49, செல்வி 26, பாரி 25. இம்முறை நீங்குவது பாரி. அவருடைய 25உம் செல்விக்குப் போய், 51க்கு 49 என்று அமுதா தோற்கிறார். நீக்கும் முறையின் உண்மையான குறை இது. இதை மறைத்து அந்த முறையைப் பரிந்துரைப்பது சரியல்ல. குறையில்லாத முறை எதுவும் இல்லை என்பதால், எந்தக் குறையோடு வாழ ஒப்புகிறோம் என்பதை உறுப்பினர்களே முடிவு செய்யட்டும்.

எல்லாச் சீட்டுகளையும் வெளியிட்டால் யார் யாருக்குப் போட்டார் என்று தெரிந்துவிடாதா?

பெயர் இல்லாவிட்டாலும் ஆபத்து உண்டு. 10 வேட்பாளர்களை 36,28,800 வகையாக வரிசைப்படுத்தலாம். "எனக்கு முதலிடம் கொடு, கீழே இன்னின்னாரை இந்த வரிசையில் எழுது" என்று மிரட்டுபவர் சொன்னால், வெளியான பட்டியலில் அந்த வரிசை இருக்கிறதா என்று அவரால் தேடிப் பார்க்க முடியும். வரிசையே கையெழுத்தாகிவிடும். சிறிய சங்கங்களில் மூன்று விருப்பங்கள் வரை மட்டும் அனுமதித்தால் இந்த வழி பெருமளவு அடைபடும். அதுவும் போதாதென்று தோன்றினால், கோப்பைப் பொதுவில் வைக்காமல் வேட்பாளர்களின் முகவர்கள் மட்டும் ஒரே அறையில் சரிபார்க்கலாம். அப்போது சரிபார்ப்பவர்கள் குறைவார்கள். அந்த இழப்பை அறிந்தே ஏற்க வேண்டும்.

எங்கள் தேர்தல் அடுத்த மாதம். எதை முதலில் செய்வது?

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன்கீழ் பதிவான சங்கமென்றால், துணைவிதிகள் இம்முறைக்கு இடம் தருகின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் முதலில் திருத்தம். பிறகு கோட்டா, உபரி, பின்னம், விடுபட்ட எண், சமநிலை ஆகிய ஐந்தையும் ஒரு பக்கத்தில் எழுதி வேட்பாளர்களிடம் கையொப்பம் வாங்குங்கள். சோதனைக்காகப் பொய் வாக்குகள் இருபதை எழுதி, கையாலும் மென்பொருளாலும் எண்ணிப் பாருங்கள். நியூயார்க்கில் நேர்ந்ததை நினைத்து, அந்தக் கோப்பை அன்றே அழித்துவிடுங்கள்.

முடிவை அறிவித்த பிறகு பெட்டியில் ஒரு சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தது தெரிந்தால்? அதை மட்டும் சேர்த்துவிடலாமா?

கூடாது. மற்றத் தேர்தல்களில் ஒரு சீட்டு ஒருவர் கணக்கில் ஒன்றைக் கூட்டும். இங்கே அது கோட்டாவை மாற்றலாம், உபரியின் மதிப்பை மாற்றலாம், யார் முதலில் நீங்குகிறார் என்பதையே மாற்றலாம். ஆகவே அந்தச் சீட்டையும் கோப்பில் சேர்த்து, முதல் சுற்றிலிருந்து முழுதாகத் திரும்ப எண்ண வேண்டும். பழைய முடிவுத் தாளையும் புதியதையும் தேதியிட்டு அறிவிப்புப் பலகையில் அருகருகே ஒட்ட வேண்டும். மென்பொருளில் இதற்குச் சில நொடிகள் போதும். கையால் எண்ணியவர்கள் அன்றிரவு தேநீருக்குச் சொல்லிவிட்டுத் திரும்ப உட்கார வேண்டியதுதான்.